அகம் காக்கும் அறம்

நுழையும்முன்

உடலில் காயம் பட்டால் மருத்துவரிடம் காட்ட எவரும் தயங்குவதில்லை. உள்ளத்தில் பட்ட காயத்தைக் காட்டவோ பலரும் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைக் கடந்து ஒருவர் தம் துயரை வெளியிடும்போது, அதைக் கேட்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? எவற்றைச் செய்தல் வேண்டும்? எவற்றைச் செய்யலாகாது? உளவியலாளர் பின்பற்ற வேண்டிய தொழில் அறங்களையும், அவை தோன்றிய வரலாற்றையும், அவற்றால் மக்கள் பெறும் உரிமைகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

---

வடசென்னையின் வியாசர்பாடியை ஒட்டி அமைந்தது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதி நகர் என்பதே அதன் விரிவு. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் நெருங்கிய தெருக்களும் நிறைந்த பகுதி அது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைப்போர், சிறுவணிகர், ஓட்டுநர், அரசு ஊழியர் எனப் பல தரப்பினரும் அங்கு வாழ்கின்றனர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வீட்டின் மகிழ்ச்சியும் சண்டையும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். துன்பம் வந்தால் முதலில் ஓடி வருபவரும் அண்டை வீட்டாரே. எனினும், யாரும் அறியாமல் ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என விரும்பும் ஒருவருக்கு அந்நெருக்கமே தடையாகவும் அமைகிறது.

இத்தகைய பகுதியில் வாழும் பதினேழு வயது மாணவி ஒருவர், சில மாதங்களாக உறக்கமின்றித் தவிப்பதாகக் கொள்வோம். தேர்வு அச்சம் எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். காரணம் வேறு என்பதை அம்மாணவி மட்டுமே அறிவார். அவர் ஓர் உளவியலாளரின் எதிரில் அமரும்போது அவர் மனத்தில் எழும் முதல் வினா, “எனக்குக் குணமாகுமா?” என்பதன்று, “நான் சொல்வது வெளியே போகுமா?” என்பதே. அவ்வினாவுக்கு உளவியலாளர் அளிக்கும் நேர்மையான விடையிலிருந்தே அத்துறையின் அறம் தொடங்குகிறது.

உள்ளம் அறியும் துறை

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் முறையை ஆராய்வது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்னும் தனி இயலை வகுத்து, எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை தோன்றும் களங்களையும் விளக்குகிறது. இன்றைய உளவியல், உற்றுநோக்கல், ஆய்வு, அளவீடு ஆகியவற்றின் துணையோடு மனித நடத்தையையும் மன இயக்கத்தையும் ஆராயும் அறிவியல் துறையாக வளர்ந்துள்ளது.

உள்ளத்தின் நலம் பேணும் பணியில் பலர் ஈடுபடுகின்றனர். மனநல மருத்துவர், மருத்துவப் பட்டம் பெற்று மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தரும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர், உளவியலில் உயர்கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, உளச்சோதனைகளையும் பேச்சுவழிச் சிகிச்சைகளையும் மேற்கொள்பவர். ஆற்றுப்படுத்துநர், வாழ்க்கைச் சிக்கல்களில் வழி காண உதவுபவர். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992, மருத்துவ உளவியலாளருக்கான கல்வித் தரத்தையும் பதிவையும் அம்மன்றத்தின் பொறுப்பில் வைத்தது.

தம் கல்வியும் பயிற்சியும் எவ்வளவு என்பதை மறைக்காமல் கூறுவது இத்துறையினரின் முதற்கடமை. பெற்ற பயிற்சிக்கு அப்பாற்பட்ட சிக்கல் எதிர்ப்பட்டால், அதில் வல்லவரிடம் அனுப்பிவைத்தல் வேண்டும். “இது என்னால் இயலாது, இதற்குரியவரிடம் உங்களை அனுப்புகிறேன்” எனச் சொல்வது குறைபாடன்று, கடமையின் ஒரு பகுதி. அதுபோலவே, எதிரில் இருப்பவரிடம் “தங்கள் கல்வித் தகுதி என்ன? தாங்கள் பதிவு பெற்றவரா?” எனக் கேட்பது உதவி நாடி வருபவரின் உரிமை.

காயங்களிலிருந்து பிறந்த நெறிகள்

தொழில் அறங்கள் ஏட்டில் மட்டும் உருவானவை அல்ல. அவற்றுள் பல, மனிதர் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தவை.

1920ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேய்னர் ஆகிய இருவரும் தாம் நிகழ்த்திய சோதனை ஒன்றை வெளியிட்டனர். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் வெள்ளெலி ஒன்றைக் காட்டினர். குழந்தை அஞ்சாமல் அதைத் தொட முயன்றது. பின்னர், எலி காட்டப்பட்டபோதெல்லாம் குழந்தையின் பின்னால் இரும்புக் கம்பியைத் தட்டிப் பேரொலி எழுப்பினர். சில முறைகளுக்குப் பின், எலியைக் கண்ட அளவிலேயே குழந்தை அழத் தொடங்கியது. அச்சம் கற்றுக்கொள்ளப்படுவது என்பதை அச்சோதனை காட்டியது. ஆனால், குழந்தையின் உள்ளத்தில் விதைத்த அச்சத்தை நீக்காமலேயே அவர்கள் சோதனையை முடித்துக்கொண்டனர். அறிவு வளர்ந்தது, அதற்கான விலையைக் கொடுத்தது, மறுக்கவும் அறியாத ஒரு குழந்தை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசி மருத்துவர்கள் சிறைப்பட்டோர்மீது நிகழ்த்திய கொடிய சோதனைகள் பின்னர் விசாரணைக்கு வந்தன. அதன் விளைவாக 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை உருவானது. மனிதர்மீது நிகழ்த்தும் எந்த ஆய்வுக்கும் அவர்தம் விருப்பார்ந்த ஒப்புதல் இன்றியமையாதது என அது வரையறுத்தது. 1953இல் அமெரிக்க உளவியல் கழகம் தன் முதல் அறநெறித் தொகுப்பை வெளியிட்டது. பின்னர்ப் பல நாடுகளும் தமக்குரிய நெறிகளை வகுத்துக்கொண்டன.

தமிழ்நாட்டின் வரலாற்றிலும் இத்தகைய காயம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பின்றி, உரிமமும் இன்றி, மனிதரைக் கட்டிவைக்கும் இடங்கள் இயங்கிவந்ததை நாடு அறிந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைப்பதை, மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 எந்த வடிவிலும் தடை செய்கிறது.

> யார் இவர்?
>
> மருத்துவர் சாரதா மேனன் (1923 – 2021), இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோர் மீண்டும் சமூக வாழ்வுக்குத் திரும்ப உதவும் வகையில், 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

அறிந்து அளிக்கும் ஒப்புதல்

உளவியலாளர் ஒருவர் சிகிச்சையையோ சோதனையையோ தொடங்கும் முன், அது எத்தகையது, எவ்வளவு காலம் ஆகும், அதனால் விளையும் நன்மை யாது, இடர் யாது, வேறு வழிகள் உளவா என்பவற்றை வந்தவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். அதன்பின் அவர் தரும் இசைவே ஒப்புதல் ஆகும். படித்துப் பார்க்காத தாளில் பெறும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமாயினும் திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு.

பதினெட்டு வயது நிறைவடையாதோர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலைச் சட்டம் வேண்டுகிறது. ஆயினும் சிறுவரின் இசைவைப் பொருட்படுத்தாமல் விடுவது அறமன்று. மேலே சுட்டிய மாணவியின் தந்தை, “இவளிடம் என்ன குறை என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்” எனக் கேட்டுக் கட்டணம் செலுத்தலாம். அதனால் அம்மாணவியின் உள்ளம் தந்தையின் உடைமை ஆகிவிடாது. பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியவை எவை, மாணவியிடமே நிற்க வேண்டியவை எவை என்பதை முதல் நாளிலேயே இரு தரப்பினர் முன்னிலையிலும் உளவியலாளர் தெளிவுபடுத்திவிட வேண்டும்.

மறைகாத்தலும் அதன் எல்லையும்

கேட்டதை வெளியிடாதிருத்தல் உளவியலாளரின் தலையாய கடமை. சொல்லப்பட்ட செய்தி மட்டுமன்று, ஒருவர் உதவி நாடி வந்தார் என்னும் செய்தியும் மறைவாகவே இருத்தல் வேண்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதனைச் சட்ட உரிமையாகவே வழங்குகிறது. சிகிச்சை பெறுவோரின் ஒளிப்படத்தையோ பிற விவரங்களையோ அவரது ஒப்புதலின்றி ஊடகங்களுக்கு அளித்தலை 24ஆம் பிரிவு தடுக்கிறது.

சென்னையின் பேச்சுவழக்கில் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயர், மனநல மருத்துவமனை அங்கிருக்கும் காரணத்தால், ஏளனச் சொல்லாக ஆளப்படுவதுண்டு. உதவி தேடிச் சென்றவரைக் கேலிப்பெயரால் சுட்டும் சூழலில், ஒரு செய்தி கசிந்தால் திருமணம் தடைப்படலாம், வேலை பறிபோகலாம், பள்ளியில் நண்பர்கள் விலகலாம். மறைகாத்தல் என்னும் அறம் எதைக் காக்கிறது என்பதை இதனால் உணரலாம்.

இவ்வறம் சிறு செயல்களிலும் வெளிப்படும். ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுபவரிடம், “இப்போது தனியாகப் பேச இயலுமா?” என முதலில் கேட்டல், பெயர்களை உரக்க அழைக்காமை, குறிப்பேடுகளைப் பூட்டி வைத்தல், தெருவில் எதிர்ப்படும்போது, அவராக அழைத்தாலன்றித் தாமாகச் சென்று பேசாமை ஆகியன அத்தகையன.

எனினும், மறைகாத்தல் எல்லையற்றதன்று. 1969இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மாணவர் ஒருவர், தம் உளவியலாளரிடம் ஓர் இளம்பெண்ணைக் கொல்லப்போவதாகக் கூறினார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவல் பிரிவுக்குத் தெரிவித்தார். காவலர் அம்மாணவரை விசாரித்து விடுவித்தனர். ஆபத்துக்கு உள்ளான பெண்ணுக்கோ அவர் குடும்பத்துக்கோ எவரும் தெரிவிக்கவில்லை. அப்பெண் கொல்லப்பட்டார். டாராசாஃப் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்துக்கு இலக்காகும் பிறரைக் காக்க உரிய நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது.

இந்தியச் சட்டமும் இவ்வெல்லையை ஏற்கிறது. ஓர் உயிருக்கு நேரவிருக்கும் ஆபத்தைத் தடுக்கவும், பிறரைத் தீங்கிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காக்கவும், நீதிமன்ற ஆணைக்கு இணங்கவும் தேவையான செய்தியை மட்டும் வெளியிடலாம். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் வெளியிடலாகாது. சிறுவர்மீதான பாலியல் குற்றங்களிலோ சட்டம் மேலும் உறுதியானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012இன்படி, அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் கட்டாயம். உளவியலாளரும் இதற்கு விலக்கல்லர்.

இங்குதான் அறத்தின் கடினமான இடம் உள்ளது. மேற்கண்ட மாணவியின் உறக்கமின்மைக்கு உறவினர் ஒருவரின் தகாத நடத்தையே காரணம் எனக் கொள்வோம். “யாரிடமும் சொல்லமாட்டேன்” எனத் தொடக்கத்தில் முழு வாக்குறுதி அளித்த உளவியலாளர், இப்போது அவ்வாக்கை மீற வேண்டியவர் ஆகிறார். ஏற்கெனவே ஒருவரால் நம்பிக்கை இழந்த மாணவி, இரண்டாம் முறையும் ஏமாற்றப்பட்டதாக உணரக்கூடும். மாறாக, “நீ சொல்வதை நான் வெளியிடமாட்டேன். ஆனால், உனக்கோ பிறருக்கோ ஆபத்து எனத் தெரிந்தால், உன்னிடம் சொல்லிவிட்டு, காப்பாற்றக் கூடியவர்களிடம் தெரிவிப்பேன்” என முதல் நாளிலேயே கூறியவர் எந்த வாக்கையும் மீறவில்லை. காவல்துறைக்குத் தெரிவிக்கும்போதும் அம்மாணவியைத் தனியே விடாமல், அடுத்து நிகழவிருப்பதை விளக்கி உடன் நிற்கிறார். இருவரும் தெரிவித்த செய்தி ஒன்றே. அம்மாணவி அடையும் அனுபவம் முற்றிலும் வேறு.

> தெரிந்து தெளிவோம்
>
> மனத்துயர் மிகுந்த வேளையில் கட்டணமின்றி அழைக்கத்தக்க எண்கள்:
>
> தேசியத் தொலைபேசி மனநலச் சேவை (டெலி மானஸ்) – 14416
> தமிழ்நாடு அரசு மருத்துவ உதவிச் சேவை – 104
> குழந்தைகள் உதவி எண் – 1098

எல்லை பேணுதல்

உளவியலாளருக்கும் உதவி நாடி வருபவருக்கும் இடையிலான உறவில் ஆற்றல் சமமாக இல்லை. ஒருவர் தம் வாழ்வையே திறந்து காட்டுகிறார், மற்றவர் கேட்கிறார். இச்சமமின்மையைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தலாகாது. ஆதலால், சிகிச்சை பெறுபவரோடு பாலியல் உறவு கொள்ளுதல், கடன் வாங்குதல், வணிகக் கூட்டுச் சேர்தல் போன்றவற்றை அறநெறிகள் விலக்குகின்றன. நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் சிகிச்சை அளிப்பதையும் தவிர்க்கச் சொல்கின்றன.

நெருக்கமான குடியிருப்புகளில் இந்நெறியைக் கடைப்பிடித்தல் எளிதன்று. உளவியலாளரின் மகனும் சிகிச்சை பெறுபவரின் மகளும் ஒரே வகுப்பில் படிக்கலாம். இருவரும் ஒரே நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கலாம். எல்லாத் தொடர்பும் தவறன்று. அத்தொடர்பு நடுநிலையைக் குலைக்கிறதா, வந்தவருக்குத் தீங்கு தருகிறதா என்பதே உரைகல்.

அன்பளிப்பும் இத்தகையதே. மகன் நலம் பெற்ற மகிழ்ச்சியில், காசிமேட்டு மீனவர் ஒருவர் கூடையில் மீன் கொண்டுவந்து தருவதாகக் கொள்வோம். ‘விதிப்படி வாங்கக்கூடாது’ எனத் திருப்பி அனுப்பினால் அவர் மனம் புண்படும்; அது அவர்தம் பண்பாட்டையே மறுப்பதாகும். வாங்கிக்கொண்டு, வாரந்தோறும் எதிர்பார்க்கத் தொடங்கினால் அது சுரண்டல் ஆகும். பொருளின் மதிப்பு, கொடுப்பவரின் நிலை, கொடுக்கும் நோக்கம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து முடிவு செய்வதே முறை. அறநெறித் தொகுப்பு வழிகாட்டும். அந்நேரத்தில் சிந்திக்கும் பொறுப்பை அது நீக்கிவிடாது.

அளவுகோலின் நேர்மை

உளச்சோதனைகள் உளவியலாளரின் கையில் உள்ள முதன்மைக் கருவிகள். 1905இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் நுண்ணறிவுச் சோதனை ஒன்றை உருவாக்கினர். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆனால், அமெரிக்காவுக்குச் சென்ற அச்சோதனை வேறு பயன்பாடு பெற்றது. புதிய நாட்டில், அறியாத மொழிச் சூழலில், நெடும்பயணக் களைப்போடு வந்திறங்கிய குடியேறிகளிடம் அது நடத்தப்பட்டது. பலர் அறிவில் குறைந்தவர் என முத்திரை குத்தப்பட்டனர். உதவுவதற்காகப் பிறந்த கருவி, ஒதுக்குவதற்கான கருவியாயிற்று.

இப்பிழை எந்த ஊரிலும் நிகழக்கூடும். கடற்கரைக் குப்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு மீன்வகைகளின் பெயர்களும் வலையின் கண்ணளவும் காற்றின் திசையும் தெரியும். அவன் ஒருபோதும் கண்டிராத இசைக்கருவியின் படத்தைக் காட்டி, அதன் பெயரைக் கேட்டு, விடை வராததைக் கொண்டு ‘அறிவு குறைவு’ என எழுதினால், அங்குக் குறை சிறுவனிடம் இல்லை, அளவுகோலில் உள்ளது. வீட்டில் பேசும் வட்டாரத் தமிழில் அவன் தந்த சரியான விடையைத் தவறு எனக் கொள்வதும் அத்தகையதே.

எனவே, சோதிக்கப்படுபவரின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏற்பத் தரப்படுத்தப்பட்ட சோதனைகளையே பயன்படுத்த வேண்டும். ஒரு மதிப்பெண்ணை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. முடிவை எளிய மொழியில் விளக்க வேண்டும். ‘வியாசர்பாடிப் பையன்’ என்றோ ‘குப்பத்துப் பிள்ளை’ என்றோ ஊரின் பெயரைக் கொண்டே ஒருவரின் இயல்பைத் தீர்மானிக்கும் முற்சாய்வைத் தம் உள்ளத்திலிருந்து உளவியலாளர் முதலில் களைதல் வேண்டும். குற்றச் செய்திகளில் மட்டும் ஒரு பகுதியின் பெயரைக் கேட்டுப் பழகியவருக்கு இது பெரும்பணியே.

நோயல்லாததை நோயென்னாமை

நோயைக் கண்டறிவதைப் போலவே, நோயல்லாததை நோயெனக் கூறாதிருத்தலும் அறமே. சமூக வழக்கத்துக்கு ஒத்துப்போகாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

இவ்வறம் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒருவரையொருவர் விரும்பிய இளம்பெண்கள் இருவர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னை வந்து பாதுகாப்புக் கோரினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், அவ்விருவரையும் அவர்தம் பெற்றோரையும் உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். யாரையும் மாற்றுவது அதன் நோக்கமன்று. ஒருவர் மற்றவரைப் புரிந்துகொள்ளச் செய்வதே நோக்கம். தன்பாலீர்ப்பு குறித்துத் தமக்கும் போதிய புரிதல் இல்லை என வெளிப்படையாகக் கூறிய நீதியரசர், தாமும் அவ்வுளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்னரே ஆணை வழங்கினார். 2021 சூன் 7ஆம் நாளைய அவ்வாணை, ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதைத் தடை செய்தது. அவ்வாறு முயலும் தொழில்முறையாளர்மீது, உரிமத்தைத் திரும்பப் பெறுதல் உள்ளிட்ட நடவடிக்கை எடுக்கவும் கூறியது. அடுத்த ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது.

தன்பாலீர்ப்பை உலக நல நிறுவனம் 1990இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. ஆயினும் ‘சரிசெய்துவிடலாம்’ என வாக்களித்துப் பணம் பெறுவோர் அதன்பின்னும் இருந்தனர். பெற்றோரின் கவலையைத் தணிக்கவோ சமூகத்தின் விருப்பத்தை நிறைவேற்றவோ, எதிரில் இருப்பவருக்குத் தீங்கு செய்யலாகாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. தம் அறியாமையை ஒப்புக்கொண்டு கற்க முன்வருதலும் தொழில் அறமே என்பதற்கு அந்நீதியரசரின் செயல் சான்றாகும்.

> தெரியுமா?
>
> சென்னையில் மனநலம் குன்றியோருக்கான காப்பகம் 1794இல் தொடங்கப்பட்டது. அது 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கு இன்று மனநல மருத்துவக் கல்வியும் சிகிச்சையும் ஒருங்கே நடைபெறுகின்றன.

பேரிடர்க் களத்தில்

வடசென்னைக் கடற்கரை பேரிடர்களை அறிந்த நிலம். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அதன் மீனவர் குப்பங்களையும் தாக்கியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் வாழ்வைக் குலைத்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, எண்ணூர்ப் பகுதியில் அமோனியா வாயு கசிந்தது. மூச்சுத்திணறலோடு விழித்தெழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு வெளியேறினர்.

இத்தகைய வேளைகளில் உதவ விரைவோர், நல்லெண்ணத்தோடேயே தீங்கு செய்யக்கூடும். நிகழ்ந்ததை மீண்டும் மீண்டும் சொல்லுமாறு பாதிக்கப்பட்டவரை வற்புறுத்துவது அவருக்கு நலம் தரும் என முன்பு கருதப்பட்டது. அவ்வாறு ஒரே அமர்வில் துயரத்தைக் கிளறும் முறையை உலக நல நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உணவு, உறைவிடம், பாதுகாப்பு, காணாமற்போனவர் பற்றிய செய்தி ஆகியன கிடைக்கச் செய்வதே உள்ளத்துக்கான முதலுதவி. பேச விரும்புவோர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். விரும்பாதோரின் மௌனத்தை மதித்தல் வேண்டும். துயருற்றோரைப் படமெடுத்துப் பரப்புதல், ஆய்வுத்தாள்களை நிரப்பச் செய்து மீண்டும் வராமல் மறைதல் ஆகியன அறத்துக்குப் புறம்பானவை.

அறம் உரிமையாகும்போது

உளவியலாளரின் ஒவ்வொரு கடமைக்கும் எதிரில், உதவி நாடி வருபவரின் ஓர் உரிமை நிற்கிறது. விளக்கம் பெறும் உரிமை, மறுக்கும் உரிமை, மறைவு காக்கப்படும் உரிமை, இழிவுபடுத்தப்படாத உரிமை, தம் மருத்துவக் குறிப்புகளைக் காணும் உரிமை ஆகியன அவை. இவை மீறப்பட்டால், சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மனநல மறுஆய்வு வாரியத்திடமும், மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம்.

தம்மைப் பேணிக்கொள்ளுதலும் உளவியலாளரின் கடமைகளுள் ஒன்று. நாள்தோறும் பிறர் துயரைக் கேட்பவரின் உள்ளமும் களைப்படையும். களைத்த நிலையில் எடுக்கும் முடிவு தவறக்கூடும். ஆகவே, மூத்தோரிடம் வழிகாட்டல் பெறுதலும் ஓய்வு கொள்ளுதலும் தொழில் ஒழுக்கத்தின் கூறுகளாகவே கருதப்படுகின்றன.

இவ்வறங்கள் தொழில் புரிவோருக்கு மட்டும் உரியன அல்ல. வகுப்புத் தோழர் ஒருவர் தம் துயரைப் பகிரும்போது அதனைப் பிறரிடம் பரப்பாதிருத்தல், கேலி செய்யாதிருத்தல், தம்மால் இயலாதபோது ஆசிரியரிடமோ வல்லுநரிடமோ அழைத்துச் செல்லுதல் ஆகியவற்றை மாணவரும் மேற்கொள்ளலாம். “நான் சொல்வது வெளியே போகுமா?” என அஞ்சும் ஒருவர், நேர்மையான விடையைத் தரும் ஒருவரைக் கண்டடையும்போதுதான் பேசத் தொடங்குகிறார். பேசத் தொடங்கியவருக்கே உதவ முடியும்.

---

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்கும் நாள், நேரம் ஆகியவற்றைத் திரட்டி, வகுப்பறை அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.
2. மனநலம் குன்றியோரைக் குறிக்க அன்றாட வழக்கில் பயன்படும் இழிசொற்களுக்கு மாற்றாக, மதிப்புடைய சொற்களைப் பட்டியலிடுக.
3. ‘நண்பரின் மறைசெய்தியைக் காப்பதா, அவரது உயிரைக் காக்க வெளியிடுவதா?’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. ‘அறிந்து அளிக்கும் ஒப்புதல்’ என்பது யாது?
2. மனநல மருத்துவருக்கும் மருத்துவ உளவியலாளருக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பினே, சிமோன் உருவாக்கிய சோதனையின் நோக்கம் யாது?

சிறுவினா

1. 1920ஆம் ஆண்டுச் சோதனையில் மீறப்பட்ட அறங்கள் யாவை?
2. ‘குறை சிறுவனிடம் இல்லை, அளவுகோலில் உள்ளது’ – விளக்குக.
3. பேரிடர்க் காலத்தில் உளவியலாளர் தவிர்க்க வேண்டியவை யாவை?

நெடுவினா

1. மறைகாத்தல் என்னும் அறத்தின் தேவையையும் எல்லையையும் சான்றுகளுடன் விவரிக்க.
2. தொழில் அறங்கள் மனிதர் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தவை என்பதை ஏர்வாடி நிகழ்வையும் பிற நிகழ்வுகளையும் கொண்டு நிறுவுக.